பத்தொன்பது தப்படி

அன்றைய அணிப் பட்டியலைக் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டுவதற்கு முன்பே ஜெனோவா மைதானத்தில் இறங்கிப் பத்தொன்பது தப்படி அளந்து, ஸ்பைக்ஸ் ஷூவால் தரையைக் கீறித் தன் ஓட்டம் தொடங்கும் இடத்தைக் குறித்துவிட்டாள். இரண்டு வருடங்களாக முதல் ஓவர் அவளுடையது. ஆனால் பட்டியலில் அவள் பெயர் பன்னிரண்டாவதாக இருந்தது. கடந்த மூன்று ஆட்டங்களில் கிரீஸைத் தாண்டிக் கால் வைத்துப் பதினொரு நோபால் கொடுத்திருந்தாள்.

"நீ கீறினத அழிச்சிடு. இன்னிக்கு தண்ணி கொடுத்தாப் போதும்," என்றாள் கேப்டன் மேகலா.

"கொடுக்கிறேங்க்கா. அது இருக்கட்டும்."

புதிதாக வந்தவள் பதினான்கு தப்படியில் ஓடிவந்து வீசினாள். ஜெனோவாவின் கீறல் அவளுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது.

தண்ணீர் இடைவேளைக்கு நடுவர் கைகாட்டியதும் எல்லோரும் பிட்ச் அருகே கூடினார்கள். ஜெனோவா நேராக அவர்களிடம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்க் கீறலில் நின்றாள். பாட்டில் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பந்து வீச வருகிற அதே வேகத்தில் ஓடிவந்தாள். பாட்டில்கள் கடகடத்தன. ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற நடுவர் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தார். அவள் இடது கால் கிரீஸுக்கு ஒரு சாண் உள்ளே ஊன்றி, அங்கேயே நின்றது. நோபால் சொல்லப் பாதி உயர்ந்த அவர் கை கீழே இறங்கியது.

"என்னடி கூத்து இது? தண்ணியக் குடு."

மேகலா நீட்டிய கைக்கு ஜெனோவா கூடையைத் தரவில்லை.

"குடிக்கலாம்க்கா. முதல்ல என் காலப் பாருங்க."