குஷன் நடுவில் ஒரு முத்திரை

“அங்கேயே நில்லு. திரைச்சீலைல கை பட்டுடப் போறது,” என்றாள் சீதாலக்ஷ்மி. ராக்கப்பன் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

மட்டாஞ்சேரியில் அந்த வருஷம் இரண்டு அறை மிச்சம் இருந்தவர்களெல்லாம் ஹோம்ஸ்டே நடத்தக் கிளம்பியிருந்தார்கள். சீதாலக்ஷ்மி வீட்டுக்கும் அடுத்த வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களுடைய விரிப்பும் தலையணை உறையும் வெளுக்கும் வேலையைக் கேட்டுத்தான் ராக்கப்பன் வந்திருந்தார். வாஷிங் மெஷின் வீட்டுக்கு வீடு வந்த பிறகு அவருடைய துவைகல் பாதி நாள் காய்ந்து கிடந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் எர்ணாகுளத்தில் ஏதாவது ஓட்டலில் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

ஊரார் அழுக்கெல்லாம் ஒரே தொட்டியில் ஊறுவதை நினைத்தாலே சீதாலக்ஷ்மிக்குக் குமட்டும். தன் துணி ஒன்றைக்கூட அவரிடம் போட்டதில்லை.

படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரின் துணி மட்டும் இரண்டு வருஷம் அவரிடம் போனது. அதையும் ஹோம்நர்ஸ்தான் மூட்டை கட்டிக் கொடுப்பாள். கப்பல் கம்பெனியில் இருந்த மாமனார் சேர்த்துவைத்த சீமைச் சாமான்கள் நிறைந்த மாமியார் அறையை இவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. மாமியார் போன அன்று, செத்தவர் படுக்கை வெளுப்பவருக்கு என்ற வழக்கப்படி, கட்டிய மூட்டையை ஒட்டடைக் கம்பால் வாசலுக்குத் தள்ளிவிட்டாள். அவ்வளவு சுத்தம்!

“ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டோட கலக்காதும்மா,” என்றார் ராக்கப்பன். “வீட்டுக்கு வீடு வேற வேற குறியாக்கும். இந்த ஜோலி மட்டும் எனக்குத் தாங்க.”

அவள் காதில் வாங்கவில்லை. கூடத்தைக் காட்டினாள். திரைச்சீலை, சோபா உறை, குஷன் எல்லாமே பழைய பிரெஞ்சுத் துணி. வெளிர் மஞ்சளில் நீலக் கோட்டுச் சித்திரங்கள்: ஊஞ்சலாடும் துரைசானி, குழல் ஊதும் இடையன், மரத்தடியில் ஆடுகள். யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் நாலு விரிப்பு கிடைத்ததாம். ஏதோ பிரபு மாளிகைப் பெட்டிக்குள்ளேயே இருந்ததாம், ஒரு மனித உடம்பும் பட்டதில்லையாம். கடைக்காரன் சொன்னான், இவள் நம்பினாள்.

ராக்கப்பன் வந்ததிலிருந்து அந்த ஆடுகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கேட்டு வந்த இடத்தில் வாயைத் திறப்பானேன் என்று இருந்தார்.

சீதாலக்ஷ்மி ஒரு குஷனை எடுத்தாள். நட்டநடுவில் கறுப்பு மையில் ஒரு வட்டம், உள்ளே மூன்று புள்ளி. தையல்காரனிடம் சொல்லி அது முன்பக்கம் வரும்படி தைத்து வாங்கியிருந்தாள்.

“பாரு, அரண்மனை முத்திரை. இது இருக்கற வீட்டுக்குள்ள உன் மூட்டை வரலாமா? அருவருப்பா இருக்கு. வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை, போ.” முத்திரையில் கன்னத்தை வைத்து ஆசையாகத் தேய்த்துக்கொண்டாள்.

ராக்கப்பன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அந்த முத்திரை நான் போட்டதும்மா.”

சீதாலக்ஷ்மி சிரித்தாள். “பிரான்சுக்குப் போயா போட்டே?”

“இல்லம்மா, இது இந்த வீட்டுக் குறியாக்கும். ஜூ டவுன் கடைல நான் வித்தது, உங்க மாமியாரு கடைசியாக் கிடந்த விரிப்பு.”