ஹெப்சியின் மனு

"கையை உதறாத ஹெப்சி. பாக்கிறவங்க நீ எதையோ திருடிட்டு வந்து நிக்கிறேன்னு நெனப்பாங்க."

"நானா உதர்றேன்? அதுவா உதறுது, நான் என்ன பண்ண?"

வர்ஜீனியாவின் அந்தச் சின்ன ஊரில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை கோர்ட் கூடும். குதிரை விற்க வந்தவர்கள், புகையிலைத் தரகர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வாசல் நிறைந்து கிடந்தது. பக்கவாட்டுக் கதவோரம் லெமுவேலும் அவன் மனைவி ஹெப்சியும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மகள் டெம்பி, எட்டு வயசு, அம்மாவின் பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். கொடுத்த சோள ரொட்டியைக் கடிக்கவே இல்லை.

லெமுவேல், விட்லாக் துரையின் வண்டிக்காரன். டெம்பி துரை வீட்டுக் கோழிகளுக்குத் தீனி போடுகிறவள். இன்று காலை துரையே மூன்று பேரையும் வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டு, உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹெப்சி கொடுத்திருந்த மனுவில் நீதிபதி கையெழுத்துப் போட்டால் அவள் இவர்களோடு இருக்கலாம். போடாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு தவணை முடிகிறது. அதற்கப்புறம் புருஷன் முகம் ஏது, பிள்ளை முகம் ஏது.

ஷெரீப் பேனாக்கத்தியால் நகத்தைச் சுரண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். குதிரையைப் பார்ப்பதுபோல ஹெப்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல வாகான உடம்புதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன்னைத் தொட மாட்டேன். திங்கக்கிழமை விடிஞ்சதும் வருவேன். மறக்காம மூஞ்சி கழுவி வை, ஏலத்துல நிக்கிறப்ப பளிச்சுன்னு இருக்கணும்."

லெமுவேல் தரையைப் பார்த்தபடியே நின்றான். ஷெரீப் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னான்: "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. ஆத்தத் தாண்டி ஒஹாயோ போயிட்டா ஒருத்தனும் உன்னைச் சீண்ட முடியாது."

"உன்னையும் புள்ளையையும் இங்க விட்டுட்டு, நான் மட்டும் ஆத்தத் தாண்டி என்ன பண்றது? மீன் புடிக்கிறதா?"

அவனுக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்து, வராமலே போயிற்று.

"சரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கதை அளக்காத. நம்ம கல்யாணத்துல பிரசங்கியார் கேட்ட ஒத்தைக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னவ நீ."

"சம்மதமான்னு கேட்டாரு. யோசிச்சுத்தானே சொல்லணும்?"

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். டெம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு ஹெப்சி போனாள்.

நீதிபதி வயசானவர். மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விட்லாக், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. அவ பயமில்லாம பேசட்டும்."

துரை எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது.

"இதை யாராவது உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அடிச்சாங்களா? ஏதாவது தர்றேன்னு ஆசை காட்டினாங்களா?"

"இல்லைங்க."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"நல்லா யோசிச்சுக்கன்னாருங்க."

"யோசிச்சியா? நான் கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியாது. நாளைக்கு ஒரு கஷ்டம்னு இங்க வந்து நின்னா, கோர்ட் உனக்கு ஒண்ணும் பண்ணாது."

"தெரியுங்க ஐயா."

நீதிபதி பேனாவை மையில் தோய்த்தார். என்ன நினைத்தாரோ, அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு மனசு வரலையே."

ஜன்னலுக்கு வெளியே ஷெரீப்பின் தொப்பி தெரிந்தது. லெமுவேல் சொன்ன புத்திமதியெல்லாம் பறந்துவிட்டது. வாய் தானாகப் பேசியது.

"ஐயா, எம் புள்ளைக்குக் குளிர் வந்தா மூச்சு எளைக்குங்க. நிமித்தி உக்கார வெச்சு, முதுகைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா ஒதடு நீலமாயிடும். அவங்கப்பா பகலெல்லாம் வண்டியில. வேற யாரு தேய்ப்பாங்க? போன குளிருக்கே தப்பிச்சது பெரிய விஷயங்க. கையெழுத்துப் போட்டுருங்க ஐயா."

நீதிபதி பேனாவை மறுபடி மையில் தோய்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதன் கீழே அவள் தன் கையெழுத்தாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

வெளியே வந்ததும் டெம்பி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, எங்ககூட வர்றியா?"

"வர்றேன்டி. இனிமே உங்கூடத்தான்."

ஷெரீப் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். விட்லாக் துரை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். லெமுவேல் வண்டிச் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

அதற்குள் கோர்ட் குமாஸ்தா வாசற்படியில் வந்து நின்று, ஊர் கேட்க உத்தரவைப் படித்தார்: "காலஞ்சென்ற தன் எஜமானியின் உயிலால் சென்ற வருடம் விடுதலை பெற்றவளும், விடுதலையானவர்கள் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்த மாகாணத்தில் தங்கக்கூடாது, தங்கினால் பிடித்து ஏலத்தில் விற்கப்படுவார்கள் என்ற சட்டத்தால் வெளியேற வேண்டியவளுமான ஹெப்சி, தன் புருஷனையும் மகளையும் உடைமையாக வைத்திருக்கும் விட்லாக் அவர்களுக்கு, தானே கேட்டுக்கொண்டபடி, இன்றுமுதல் ஆயுள் முழுக்க அடிமை."