குளக்கட்டில் ஒரு கடற்காகம்

"உங்களுக்கு எண்டு நான் தாற மீன நீ பறவைக்குப் போடுறியா புள்ள?"

றம்லா கேட்டதில் நியாயம் இருந்தது. போருக்குப் பயந்து கடற்கரை ஊரான சல்லியிலிருந்து ஓடிவந்த ஞானசேகரத்தையும் அவன் மனைவி கமலேஸ்வரியையும் கந்தளாயில் தன் நெல்லாலைக் கொட்டிலில் தங்க வைத்திருப்பவள் அவள்தான். வீட்டுக்குக் குளத்து மீன் வாங்கினால் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்து அனுப்புவாள். அந்தப் பங்கை இப்போது குளக்கட்டில் நின்ற ஒரு வெள்ளைப் பறவை விழுங்கிக்கொண்டிருந்தது.

"இது கடற்காகம் அக்கா. கடல விட்டு இவ்வளவு தூரம் வராது. எப்பிடியோ வந்திட்டுது."

"வந்தா நாம விருந்து வைக்கணுமா? உன்ட புருஷன் மெலிஞ்சு துரும்பாப் போயிட்டார். அது உன் கண்ணுக்குத் தெரியல்லியா?"

கமலேஸ்வரி கையிலிருந்த கடைசி மீனையும் எறிந்தாள்.

"பங்குனி பிறந்திட்டுது அக்கா. இனிக் கடல் அடங்கிடும். ஊருக்குப் போறன், வள்ளம் இறக்கப் போறன் எண்டு அவர் ஒரே பிடியா நிண்டவர். கடலுக்குப் போகத் தடை. மீறிப்போன என்ர தம்பி இண்டைக்கும் திரும்பி வரேல்ல. அழுது சொல்லியும் இவர் கேக்கேல்ல."

"அதுக்கும் இந்தப் பறவைக்கும் என்ன?"

"கடற்காகம் ஊருக்குள்ள வந்தா கடல்ல பெருங்காத்து வரப்போகுது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். அது திரும்பிப் போகுமட்டும் ஆரும் வள்ளம் இறக்க மாட்டினம். இதக் கண்ட பிறகு, 'இது போகட்டும், நானும் போறன்' எண்டு சொல்லிட்டார்."

றம்லா அந்தப் பறவையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் அதிகாலை சுபஹு தொழுகை முடிந்ததும் இரண்டு மீனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவளே குளக்கட்டுக்குப் போனாள்.

அங்கே ஞானசேகரம் குந்தியிருந்தான். தூண்டிலில் பிடித்த சின்ன மீன்களை ஒவ்வொன்றாகப் பறவைக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்களுமா?" என்றாள் றம்லா.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் அசடு வழியச் சிரித்தான்.

"இதுக்குப் பக்கத்தில இருந்தா ஊரில இருக்கிற மாதிரி அக்கா. கண்ண மூடினா அலைச் சத்தம்கூடக் கேக்குது. கடல நினைச்சு நினைச்சு எனக்கு நித்திரையே இல்ல."

"அப்ப இதுக்குத் தீனி போட்டு ஏன் மறிக்கிறீங்க? இது போனாத்தானே நீங்க கடலுக்குப் போகலாம்?"

அவன் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான். கமலேஸ்வரி இன்னும் எழும்பவில்லை.

"இது போனா நான் நிக்க மாட்டன் அக்கா, என்னை மறிக்க என்னாலயே ஏலாது. தம்பியும் இல்லாம அவளுக்கு என்னை விட்டா வேற ஆர் இருக்கினம்?"