காயாத பூச்சு

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரிக் குளிர். கென்ட்டின் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவன் மாமியாருக்காக ஓர் அறை தயாராகிக்கொண்டிருந்தது. ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளைப் பூசி மூடும் டுவைட், சுவரில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார்.

“இன்னைக்கும் ஈரம்தான். இதுக்கு மேல பூசினா விரிசல் விட்டுடும். பூச்சு காயட்டும்னு நான் போட்டுட்டுப் போற ஹீட்டரை யாருங்க அணைக்கிறது?”

மார்லா கணவனை முறைத்தாள். “எங்கம்மா வர்றது உனக்குப் பிடிக்கல, அதானே?”

“சத்தியமா நான் இல்ல,” என்றான் கென்ட்.

“அப்ப அது தானாவே அணைஞ்சுக்குதா?”

டுவைட் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். கென்ட்டும் வேலைக்குக் கிளம்பினான். ஆனால் வீண்பழி உறுத்தியது. பாதி வழியிலேயே காரைத் திருப்பினான்.

கீழே இறங்கியபோது, ஹீட்டரை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள் மார்லா.

“நீயா?”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா வந்தா நான் வெங்காயம் நறுக்குறதுல இருந்து எல்லாத்துக்கும் குறை சொல்லுவாங்க. ஆனா இங்க வந்து தங்கட்டுமான்னு அவங்க கேட்டப்போ, வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எப்படியும் நீ முடியாதுன்னு சொல்லிடுவேன்னு நம்பித்தான் உன்கிட்ட கேட்டேன். நீ என்னடான்னா, மறுநாளே டுவைட்டைக் கூட்டிட்டு வந்து நிக்கிற.”