கத்துக்குட்டி நிலையம்

“கம்பத்தை நல்லாப் பிடி மாப்ள, காத்து இழுக்குது,” என்றார் அவர், மலை உச்சிப் பாறையில் ரேடியோவை வைத்தபடி.

மச்சினன் ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்காக நாலு வார்த்தை பேசத்தான் மூச்சு வாங்க இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தான்.

“மாமா, அக்கா பெட்டி கட்டிட்டா. சாயங்காலம் அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. வீட்ல அவகிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ஹாம் ரேடியோவுல முகம் தெரியாதவங்களோட பேச மலை ஏறிடறீங்க.”

“மதியத்துக்குள்ள இறங்கிடலாம். நானே அவகிட்ட பேசறேன். நாலு பேராவது பதில் கொடுத்தாதான் இந்த மலை ஏறினதா எங்க ரேடியோ கிளப்புல கணக்குல சேத்துப்பாங்க.”

மோர்ஸ் சாவியைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அழைத்தார். பதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. நடுவில் ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து நின்று, தப்பாக அடித்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

“யாரு மாமா இது, இப்பத்தான் நடை பழகற மாதிரி?”

“ஏதோ கத்துக்குட்டி. மூணு மாசமா விடாம கூப்பிடுது. பக்கத்துலதான் எங்கயோ இருக்கு, காதைக் கிழிக்குது.”

“பாவம், ஒரு பதில் சொல்லுங்களேன்.”

“அது தன் அழைப்புக் குறியை, அதான் ரேடியோவுல அதோட பேரை, அடிச்சு முடிக்கறதுக்குள்ள பத்துப் பேர் போயிடுவாங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

நாலு பேர் நாற்பது பேரானார்கள். மதியம் போனதே தெரியவில்லை. அந்தக் கத்துக்குட்டி எப்போது ஓய்ந்தது என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தவருக்கு, கேட்க ஆள் இல்லை. தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பூட்டைத் திறந்து உள்ளே போனார். அவருடைய இன்னொரு ரேடியோ இருந்த மேசையில், யாரை அழைத்தோம் என்று குறித்துவைக்கும் பதிவு நோட்டு ஒன்று புதிதாக இருந்தது. உள்ளே மனைவியின் கையெழுத்து. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவருடைய அழைப்புக் குறி, பக்கத்தில் ‘பதில் இல்லை’. கடைசி வரியில் இன்றைய தேதி.

முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே ஒட்டியிருந்த புத்தம் புது வானொலி உரிமத்தில், அவள் பெயருக்குக் கீழே, அந்தக் கத்துக்குட்டியின் அழைப்புக் குறி இருந்தது.