பன்னிரண்டு வினாடிப் பேச்சு

நல்லசாமி ஃபைலைப் பிரித்து, கடல் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்து, விமானம் இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்றார்.

எதிரே சவரியம்மாள் முந்தானையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். விசாரணை ஆபீஸிலிருந்து வருகிறீர்களா என்று குவார்ட்டர்ஸ் வாசலிலேயே கேட்டிருந்தாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

2013 ஐப்பசியில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சரக்கு ஏற்றிப் போன சின்ன விமானம் அது. உள்ளே இரண்டே பேர். கேப்டன் தமிழ்மாறன், துணை விமானி சைமன்ராஜ். சைமன் சவரியம்மாளுக்கு ஒரே மகன்.

விழுந்த இடத்தில் கடல் மூன்று கிலோமீட்டர் ஆழம். நாற்பது நாள் தேடிய கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பிவிட்டன. கறுப்புப் பெட்டியும் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் பதிவான பன்னிரண்டு வினாடிப் பேச்சுதான் மிச்சம். அதைக் குடும்பத்தார் கேட்டு அடையாளம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்திருந்தது.

புயல் மேகம், திரும்பிவிடுங்கள் என்று கீழேயிருந்து எச்சரித்திருந்தார்கள். வேண்டாம், தாண்டிவிடுவோம் என்று விமானத்திலிருந்து ஒரு குரல் மறுத்திருந்தது.

அது சைமன்தான் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கணவர் அமிர்தநாதன் நிலக்கரி மைன்ஸுக்கு ஷிப்ட் போவதில்லை. உள் அறையில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரும் இவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நல்லசாமி செல்போனில் அந்தப் பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டாள். மூன்று முறையும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"உங்க பையன் குரல்தானேம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." ஏறக்குறையக் கெஞ்சினார்.

"இல்லீங்க. சைமனுக்குக் கட்டக் குரலு. மாதா கோயில் பாட்டுக்குழுவுலயே அவனப் பின்னாலதான் நிறுத்துவாங்க. இது கணீர்னு இருக்குதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உடைந்துகொண்டு வந்தது. இரண்டு மாதம் அடைத்துக் கிடந்த அழுகை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அமிர்தநாதன் எழுந்து கதவருகே வந்து நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசமா ஊரே எம் புள்ளையத் தூத்திக்கினு இருக்குதுங்க. இத எடுத்துக்கினு போயி, அந்தக் கேப்டனப் பெத்தவருகிட்ட போட்டுக் காட்டுங்க. அவரு பதில் சொல்லட்டும்."

வரைபடத்தை மடிக்கப் பார்த்தார் நல்லசாமி. பாதி மடித்ததை மறுபடியும் மேசைமேல் வைத்தார்.

"நாந்தாம்மா அவன் அப்பா."