கலியமூர்த்தியின் கிட்னி

பொற்கொடி பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்தாள். அவள் புருஷன் கலியமூர்த்தி, பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கையில் விஷம் ஏறி இறந்துபோனவர். அவருடைய கிட்னி ஒன்று, மூட்டை தூக்கித் தேய்ந்த என் உடம்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பேர் சொல்ல மாட்டார்கள். எப்படியோ விசாரித்துவிட்டாள்.

“விஷம் ஏறின உறுப்பத் தானம் குடுத்து இன்னொரு குடும்பத்தையும் கெடுத்துட்டியேன்னு மாமியா வீட்ல ஏசுறாங்கண்ணே. நீங்க உசுரோட இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“குத்துக்கல்லாட்டம் இருக்கேம்மா. டாக்டருங்க சோதிச்சுப் பாத்துத்தான வெச்சாங்க” என்றேன்.

அவள் நம்பவில்லை. என் கண்ணையும் நகத்தையும் உற்றுப் பார்த்தாள். “அது வேலை செய்யுதாண்ணே?”

என் பெண்சாதி பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலையா? இது வெக்கிறதுக்கு முன்ன மூணு வருசம் மிஷின்லதான் ரத்தம் கழுவுனாங்க, சொட்டு மூத்திரம் வராது. இப்ப பஸ்ஸ நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடுறாரு. எனக்கு மானமே போவுது.”

வெட்கமாக இருந்தாலும் எனக்கு அப்போதே போக வேண்டியிருந்தது. பின்பக்கம் தகரத் தடுப்புக்குள் போய் நின்றேன். அளந்து பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் வாளியில் விழுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். அங்கே பேச்சு நின்றுவிட்டது. சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன், அது நிற்கவில்லை.

“இன்னும் வருதாக்கா?” என்று பொற்கொடி மெதுவாகக் கேட்டாள்.

“பேசாமக் கேளு” என்றாள் பச்சையம்மா.